குடிசைக்குப் பதில் ஒரு வீடு: நிதி திரட்டக் கிளம்பும் மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

விழுப்புரம், திருவண்ணாமலை, செங்கல்பட்டு பக்கத்து இருளர் குடியிருப்புகளில் வீடு கட்ட உதவுகிறோம் என்று கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டக் குழுக்களும் ஊர் இளைஞர் மன்றங்களும் வருகின்றன. வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. மற்ற மாவட்டங்களில் செங்கல் விலையும் அதிகாரிகளின் வேகமும் மாறலாம். மற்றபடி பெரிய வித்தியாசம் இருக்காது.

அரசாங்கமே வீடு கட்டித் தருகிறதே, நாங்கள் எதற்கு?

அரசாங்கம் பணம் தருகிறது. வீட்டைக் கட்டிக்கொள்ள வேண்டியது குடும்பம்தான்.

பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் 2016இல் வந்தது. பழைய இந்திரா குடியிருப்புத் திட்டத்தின் இடத்தில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000. தமிழ்நாட்டில் கான்கிரீட் கூரைக்காக மாநில அரசு அதற்கு மேல் சேர்த்துத் தருகிறது. 2024இல் மாநில அரசு கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தை அறிவித்தது. அதில் வீடு 360 சதுர அடி, ஒதுக்கீடு 3,50,000 ரூபாய், 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை கட்டாயம். 2030க்குள் 8 லட்சம் குடிசைகளை மாற்றுவது இலக்கு. இருளர், காட்டுநாயக்கர், பணியர், குறும்பர், கோத்தர், தோடர் ஆகிய ஆறு பழங்குடிகளுக்கு 2023 நவம்பரில் தொடங்கிய பி.எம். ஜன்மன் திட்டமும் இருக்கிறது. அதில் மத்திய அரசின் கணக்கில் வீட்டுக்கு 2,00,000. மாநில அரசும் தன் பங்குக்குச் சேர்க்கிறது.

இப்போது ஒரு மேஸ்திரியிடம் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் சதுர அடிக்கு 2,000 ரூபாய்க்குக் கீழே பேச மாட்டார். 360 சதுர அடிக்கு 7,20,000 ஆகிறது. வீட்டுக்காரரே சித்தாளாக நின்று, செங்கலைச் சூளையில் நேரடியாக வாங்கி, பூச்சையும் தரையையும் எளிமையாக முடித்துக்கொண்டால் குறையும். குறைந்தாலும் துண்டு விழும்.

அந்தத் துண்டு விழுகிற பணத்தைத்தான் கவனிக்க வேண்டும். அரசுப் பணம் தவணை தவணையாக, கட்டிய அளவைப் பார்த்து வரும். பேஸ்மட்டம், அதாவது அடித்தளம் முடிந்தால் ஒன்று, லிண்டல், அதாவது கதவு ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை வந்தால் ஒன்று என்ற கணக்கு. முதலில் கட்ட வேண்டும், பிறகுதான் பணம். கையில் இல்லாதவர் எங்கே போவார்? வட்டிக்கு வாங்குவார். அல்லது செங்கல் சூளையிலோ மரம் வெட்டும் முதலாளியிடமோ முன்பணம் வாங்குவார். வாங்கிவிட்டால் குடும்பத்தோடு போய் அங்கே உழைத்துக் கழிக்க வேண்டும். கழித்தாலும் கணக்கு கழியாது. கொத்தடிமை முறை 1976இலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனாலும் இந்த மாவட்டங்களில் இருளர் குடும்பங்கள் அப்படிச் சிக்கி, அதிகாரிகள் போய் மீட்ட செய்தி அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது. வீடு கட்டப் போய் அடிமையாவது கொடுமை. நீங்கள் ஒரு 60,000 ரூபாய் திரட்டினால் அது தனியாக ஒரு வீட்டைக் கட்டாது. சரியான வாரத்தில் போய்ச் சேர்ந்தால் ஒரு குடும்பத்தைச் சூளைக்குப் போகாமல் நிறுத்தும்.

அப்படியானால் எவ்வளவுக்கு இலக்கு வைக்கலாம்?

“ஐந்து வீடு கட்டப் போகிறோம்” என்று போஸ்டர் அடிப்பதற்கு முன் ஒரே ஒரு வீட்டின் கணக்கை எடுங்கள். அரசு எவ்வளவு, எந்த நிலையில் எவ்வளவு, குடும்பத்தின் கையில் என்ன இருக்கிறது, எங்கே நிற்கும் என்று ஒரு தாளில் எழுதினால் இலக்கு தானாகத் தெரிந்துவிடும். பெரும்பாலும் மூன்று இடங்களில் பணம் முட்டும். பேஸ்மட்டத்துக்கு முன்னால், கூரை கான்கிரீட்டுக்கு முன்னால், எல்லாம் முடிந்த பிறகு கதவு, ஜன்னல், பூச்சு, வயரிங். கடைசியாகச் சொன்னதற்கு யாரும் நன்கொடை தருவதில்லை. கூரை போட்டதும் ‘வீடு முடிந்தது’ என்று எல்லாருக்கும் தோன்றிவிடுகிறது. வாசலில் பழைய புடவை தொங்கும் கான்கிரீட் வீடுகளை இந்தப் பக்கம் எத்தனையோ பார்க்கலாம். கதவுக்கு என்றே நிதி திரட்டுகிற ஒரு குழு வந்தால் அவர்களுக்கு என் முதல் கும்பிடு.

பட்டா இல்லாதவருக்குக் கட்டிக் கொடுக்கலாமா? அவர்கள்தானே இன்னும் ஏழை?

ஏழை என்பது சரிதான். ஆனால் பட்டா இல்லாத இடத்தில் நீங்கள் கட்டும் சுவரை நாளைக்கே ஒரு நோட்டீஸ் இடித்துவிடும். ஏரிக்கரை, ஓடை, குளம் போன்ற நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால் பட்டாவுக்கு வழியே கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்ற உத்தரவுகள் அவ்வளவு கடுமையாக இருக்கின்றன. அங்கே இருப்பவர்களுக்கு வேறு இடத்தில் மனை கேட்பதுதான் வழி. ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நத்தம் புறம்போக்காக இருந்தால் நம்பிக்கையோடு மனு போடலாம். மாடு மேய ஒதுக்கிய மேய்க்கால் போன்ற வகைகள் இரண்டுக்கும் நடுவில். வகைமாற்றம் செய்ய வேண்டும், ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

மாணவர்களால் மிக நன்றாகச் செய்ய முடிகிற வேலை இங்கேதான் இருக்கிறது. ஆனால் யாருக்கும் இதில் ஆசை வருவதில்லை, ஏனென்றால் இதில் படம் எடுக்க ஒன்றுமில்லை. ஒரு குடியிருப்பில் இருபது குடும்பங்கள் என்றால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோப்பு போடுங்கள். ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், இருக்கும் இடத்தின் சர்வே எண், சாதிச் சான்றிதழ் இருக்கிறதா இல்லையா. இருளர் குடும்பங்களில் சான்றிதழ் பெரிய தடை. பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது; கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ விசாரித்துத்தான் தருவார். அப்பாவுக்கு இல்லை, தாத்தாவுக்கு இல்லை, அதனால் உனக்கும் இல்லை என்று சுற்றி வரும் வழக்கு இது. சான்றிதழ் இல்லாமல் ஜன்மன் பட்டியலில் பெயர் வராது.

மனு கொடுக்க மூன்று சந்தர்ப்பங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். ஆண்டுக்கு ஒருமுறை, பசலி எனும் வருவாய்த்துறை ஆண்டு முடிகிற சமயம், தாலுகா அலுவலகத்தில் நிலக் கணக்குகளைச் சரிபார்க்க நடக்கும் ஜமாபந்தி. அப்புறம் கிராம சபை. மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். அடுத்த முறை போகும்போது அந்தச் சீட்டைக் காட்டினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்று. பட்டா இருக்கிறது என்று குடும்பம் சொன்னாலும் வாங்கிப் பாருங்கள். இறந்துபோன மாமனார் பெயரில் இருக்கும். அல்லது பட்டா ஓரிடம், குடியிருப்பு ஓரிடமாக இருக்கும். இருபது வருடத்துக்கு முன்னால் காகிதத்தில் கொடுத்த மனையை இன்றுவரை யாரும் அளந்து காட்டியிருக்க மாட்டார்கள். சர்வேயரை வரவழைத்துக் கல் நடச் செய்வதற்கே ஒரு குழு தனியாக வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர் வந்து நிற்பார், சத்தம் போடுவார். அந்த நேரத்தில் வாக்குவாதத்துக்குப் போகாதீர்கள். வி.ஏ.ஓ.வும் சர்வேயரும் இருக்கும்போது அமைதியாக நின்றாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

எந்தக் குடும்பத்துக்கு முதலில் என்று யார் முடிவு செய்வது?

நீங்கள் செய்யாதீர்கள். குடியிருப்பில் எல்லாரையும் உட்கார வைத்து அவர்களையே கேளுங்கள். வெளியாட்கள் தேர்ந்தெடுத்தால் நன்றாகப் பேசத் தெரிந்தவர் வீடுதான் முதலில் வரும். அவர்களாகச் சொன்னால் பெரும்பாலும் கணவனை இழந்த பெண்ணையோ நடக்க முடியாத பெரியவரையோ காட்டுவார்கள். சண்டையும் வரும். வரட்டும், உங்கள் எதிரில் வருவது நல்லது.

நாங்களே கட்டலாமா? நாற்பது பேர் இருக்கிறோம்.

நாற்பது பேர் ஒரு 360 சதுர அடி மனையில் நின்றால் கொத்தனார் எங்கே நிற்பார்?

சுவர் கட்டுவது, கம்பி கட்டுவது, சென்ட்ரிங் அடிப்பது எல்லாம் தொழில் தெரிந்தவர்கள் வேலை. கோணலாகக் கட்டிய சுவரை இடித்துக் கட்டும் செலவு உங்கள் நன்கொடையைத் தின்றுவிடும். போதாததற்கு, குடியிருப்பிலேயே சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு வர வேண்டிய கூலியை நீங்கள் இலவசமாகச் செய்து கெடுக்கக் கூடாது.

நீங்கள் செய்யக் கூடியது என்று உண்மையாகவே சில உண்டு. பேஸ்மட்டத்துக்குள் மண் நிரப்பித் தண்ணீர் விட்டுக் கெட்டிப்படுத்துவது ஒன்று. வண்டி போகாத தெருவில் செங்கலை வரிசையாக நின்று கைமாற்றுவது ஒன்று. சுண்ணாம்பு அடிப்பது ஒன்று. எல்லாவற்றையும்விட முக்கியமானது நீர் விடுவது, அதாவது கியூரிங். கூரை கான்கிரீட் போட்ட மறுநாள், தளத்தின் மேல் சிமென்ட் கலவையில் சின்னச் சின்னப் பாத்தி கட்டி அதில் தண்ணீர் நிறுத்துவார்கள். குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் அது வற்றக் கூடாது. வெயில் காலத்தில் காலையில் ஊற்றியது மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஆனால் வீட்டுக்காரர்கள் விடியற்காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்கள். தண்ணீர் எடுக்க வேண்டிய குழாயோ அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும். இரண்டு இரண்டு பேராக முறை வைத்துக்கொண்டு மதியம் வந்து, ஏணியில் ஏறி, குடம் குடமாகப் பாத்தியை நிரப்பிவிட்டுப் போனால் அந்தக் கூரைக்கு ஆயுசு கூடும். இதற்கு நாற்பது பேர் வேண்டாம். நாள் தவறாமல் வருகிற நான்கு பேர் போதும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டில் 240 மணி நேர சேவை, ஏழு நாள் சிறப்பு முகாம் என்று கணக்கு இருக்கிறது. முகாமின் ஏழு நாளையும் ஒரே வீட்டில் போட்டுத் தீர்ப்பதைவிட, அந்த 240 மணியைத் தவணை பிரிப்பது நல்லது என்று திட்ட அலுவலரிடம் பேசிப் பாருங்கள். 18 வயது ஆகாதவர்களைக் கட்டட வேலைக்கு அழைத்து வரவே வேண்டாம்.

பணத்தை யார் கணக்கில் வாங்குவது? என் ஜிபே எண்ணைப் போட்டுவிடலாமா?

வேண்டாம். உங்கள் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லாவிட்டாலும் வேண்டாம்.

சொந்தக் கணக்கில் நாலு நாளில் முந்நூறு பேர் ஐம்பதும் நூறுமாக அனுப்பினால் வங்கி கேள்வி கேட்கும், சில சமயம் கணக்கை முடக்கியும் வைக்கும். அதைவிட மோசம், உங்கள் அப்பா அனுப்பிய விடுதிக் கட்டணமும் நன்கொடையும் ஒன்றாகக் கலந்து நிற்பது. ஏற்கெனவே பதிவு பெற்று வேலை செய்யும் ஓர் அறக்கட்டளையோடு சேர்ந்துகொள்ளுங்கள். பணம் அவர்கள் கணக்குக்கு நேரே போகட்டும், ரசீது அவர்கள் தரட்டும். கல்லூரி வழியாகச் செய்தால் கல்லூரிக் கணக்கு. அறக்கட்டளையைத் தேர்ந்தெடுக்கும்போது, நன்கொடை தருகிறவருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவு இருக்கிறதா, போன ஆண்டின் தணிக்கை அறிக்கையைக் காட்டுவார்களா என்று கேளுங்கள். கேட்டதும் முகம் சுளித்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம்.

செலவை நேரடியாகக் கடைக்கே கட்டிவிடுவது நல்ல பழக்கம். செங்கலுக்குச் சூளை, ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் லாரிக்காரர், கதவுக்கு ஆசாரி. கலைஞரின் கனவு இல்லத்தில் சிமென்டும் கம்பியும் அரசு வழியாகவே வரும் என்பதால் அவற்றுக்கு இரண்டாவது தடவை நன்கொடை வாங்கிவிடாதீர்கள். பில் வந்ததும் படம் எடுத்து, பணம் கொடுத்தவர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே போட்டுவிடுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் மாமா அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

மாமாவின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அங்கே குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், நம்ம ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருவார். அந்தச் சட்டத்தில் பதிவு பெற்ற அமைப்புதான் அவரிடம் வாங்க முடியும். அதுவும் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கில்தான் வாங்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அவர்கள் அந்தப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. அதனால் ‘நீங்கள் வாங்கி எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள்’ என்று யாரையும் மாட்டிவிடாதீர்கள்.

வரி விலக்கு உண்டா என்று எல்லாரும் கேட்கிறார்கள்.

80ஜி பதிவுள்ள அமைப்புக்குக் கொடுத்தால், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு உண்டு. ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது. அமைப்பு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். வெறும் ரசீது போதாது. நூறு ரூபாய் தருகிறவர்கள் இதைக் கேட்பதில்லை, கேட்பவர்கள் ஐயாயிரத்துக்கு மேல் தருகிறவர்கள். ஆகவே பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

குலுக்கல் சீட்டு விற்கலாமா? முதல் பரிசு மிக்ஸி என்று யோசித்திருக்கிறோம்.

தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. நல்ல காரியத்துக்காக என்றாலும், பணம் வாங்கிச் சீட்டு விற்றுக் குலுக்குவது அந்த வம்புக்குள்தான் போய் நிற்கும். மிக்ஸியை ஏலம் விடுங்கள், பிரச்சினை இல்லை. அதேபோல ரயிலில் உண்டியல் குலுக்குவதும் வேண்டாம்.

சரி, எதுதான் வேலைக்கு ஆகும்?

சோறு போட்டால் பணம் வரும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை பகுதிகள் மண்சரிவில் புதைந்த பிறகு, இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் கேரள இளைஞர்கள் வீடு கட்டித் தருவதற்காக நிதி திரட்டினார்கள். வீடு வீடாகப் போய்ப் பழைய இரும்பும் பேப்பரும் வாங்கி எடைக்குப் போட்டார்கள். பிரியாணி சேலஞ்ச் என்று பொட்டலம் கட்டி விற்றார்கள். டீக்கடை போட்டார்கள், வண்டி கழுவினார்கள், கூலி வேலைக்குப் போய்ச் சம்பளத்தைக் கொடுத்தார்கள். முதலில் 25 வீடு என்றுதான் அறிவித்தார்கள். கடைசியில் 100 வீட்டுக்கு, வீட்டுக்கு 20 லட்சம் வீதம், 20 கோடி ரூபாய்க்கு மேல் சேர்த்து அரசிடம் கொடுத்தார்கள். கல்பற்றா எல்ஸ்டன் எஸ்டேட்டில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் 7 சென்ட் மனையில் 1,000 சதுர அடி வீடு என்று கேரள அரசு எழுப்பும் குடியிருப்புக்கு 2025 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். மாநிலம் முழுக்கக் கிளை வைத்திருக்கும் சங்கத்தின் கணக்கை ஒரு கல்லூரிக் குழுவோடு ஒப்பிட முடியாது. ஆனால் கவனியுங்கள், அவர்கள் தனியாக ஒரு மூலையில் போய் வீடு கட்டவில்லை. நிலம், வரைபடம், கட்டுமானம் எல்லாம் அரசின் திட்டத்துக்குள் இருக்க, இளைஞர்கள் பணத்தை மட்டும் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

நம்மிடம் இதற்கென்றே ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது: மொய். புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் மொய் விருந்து எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் தெரியும். வயநாட்டுக்காகவே 2024 ஆகஸ்டில் திண்டுக்கல்லில் ஓர் உணவகம் மொய் விருந்து நடத்தியது. சாப்பிட்டவர்கள் பில்லுக்குப் பதில் விருப்பப்பட்ட தொகையை வைத்துவிட்டுப் போனார்கள். கல்லூரி ஆண்டுவிழா அன்று ஒரு மொய் விருந்து போட்டுப் பாருங்கள். வாசலில் ஒரு மேசை, ஒரு நோட்டு, நல்ல கையெழுத்துள்ள ஒருவர். பெயரையும் தொகையையும் எழுதி, மைக்கில் படித்தால் போதும். பக்கத்து இலைக்காரர் நூறு வைத்தால் இவர் இருநூறு வைப்பார். சமையல் செலவை மட்டும் முன்கூட்டியே ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அரிசிக் கடைக்கும் கறிக்கடைக்கும் கொடுத்தது போக மிஞ்சுவது அவ்வளவாக இருக்காது.

மாரத்தான் ஓட்டம் வேண்டாம் என்பேன். டீ-சர்ட், தண்ணீர் பாட்டில், பதக்கம், மேடை, பேனர் என்று வந்த பணம் வந்த வழியே போய்விடும்.

வெளிநாடுகளில் இளைஞர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள்?

சிலி நாட்டில் 1997இல் ஃபெலிப்பே பெர்ரியோஸ் என்ற ஏசு சபைப் பாதிரியாரும் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து தொடங்கியது ‘டெச்சோ’. ஸ்பானிய மொழியில் கூரை என்று பொருள். 18 சதுர மீட்டரில் மரப்பலகை வீடு. மாணவர்களும் அந்தக் குடும்பமும் சேர்ந்து ஒரு வார இறுதியில் நிறுத்திவிடுவார்கள். நிதிக்காக ஆண்டுதோறும் ஒரு நாள் தெருவில் இறங்கி உண்டியல் ஏந்துவார்கள். குடும்பமும் செலவில் ஒரு சிறு பங்கு கொடுக்கும். லத்தீன் அமெரிக்கா முழுக்கப் பரவியது. கூடவே விமர்சனமும் வந்தது. பலகை வீடு குளிர் தாங்காது, கழிப்பறை கிடையாது, நிலத்துக்கு உரிமை இல்லாத இடத்தில் அவசர வீடு கட்டிவிட்டுப் போனால் பிறகு என்ன என்று கேட்டார்கள். அதற்கப்புறம் நிரந்தர வீடு, நிலப்பதிவு, குடியிருப்புக் குழுக்கள் என்று அவர்களே தங்கள் வேலையை விரித்துக்கொண்டார்கள். பட்டாவைப் பற்றி மேலே இவ்வளவு நீளமாக எழுதியதற்கு அவர்கள் கதையும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் ‘பைக் அண்ட் பில்ட்’ என்ற அமைப்பு 2003 முதல் இளைஞர்களைக் கோடை விடுமுறையில் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரைக்குச் சைக்கிளில் அனுப்பியது. கிளம்பும் முன் ஒவ்வொருவரும் ஆயிரக்கணக்கான டாலர் திரட்ட வேண்டும். இரவில் தேவாலயக் கூடங்களில் தங்கல், வழியில் சில நாள் சைக்கிளை நிறுத்திவிட்டு வீடு கட்டும் வேலை. திரண்ட பணம் வீட்டு வசதி அமைப்புகளுக்கு மானியமாகப் போகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நெடுஞ்சாலை விபத்துகளில் அப்படிப் போன இளைஞர்கள் உயிரிழந்தும் இருக்கிறார்கள். நம் தேசிய நெடுஞ்சாலைகளில் இதைச் செய்ய யோசிக்கும் குழுக்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி பழைய அமைப்பு. 1976இல் ஜார்ஜியா மாநிலத்து அமெரிக்கஸ் ஊரில் மில்லார்ட் ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் தம்பதி தொடங்கியது. முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையில் சுத்தியலோடு வந்ததால் உலகம் அறிந்தது. 2006இல் அவர் லோனாவாலா அருகே 100 வீடு கட்டும் வேலைக்கும் வந்தார். வீடு பெறும் குடும்பமும் தன் உழைப்பைப் போட வேண்டும் என்பது அவர்கள் விதி. நம் ஆட்கள் ஏற்கெனவே தங்கள் வீட்டுக்குத் தாங்களே சித்தாளாக நிற்கிறார்கள். விதி போட வேண்டிய அவசியமே இல்லை.

விழிப்புணர்வு என்று எதைச் சொல்வது? யாருக்கு?

‘வீடு எல்லாருக்கும் வேண்டும்’ என்பதை மறுக்க ஆள் இல்லை, ஆகவே அதைச் சொல்லிப் பலனும் இல்லை. இரண்டு பேருக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது.

குடியிருப்பில் இருப்பவர்களுக்கு: எந்தத் திட்டத்தில் உங்கள் பெயர் வரும், தவணை எப்போது வரும், பட்டியலில் பெயர் இருக்கிறதா, கமிஷன் கேட்டால் யாரிடம் சொல்வது. இதை மேடை போட்டுப் பேசாதீர்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசுங்கள், பெண்கள் வேலை முடித்து வந்த பிறகு.

ஊர்க்காரர்களுக்கு: இது கொஞ்சம் கடினம். இருளருக்கு மனை ஒதுக்கினால் ‘எங்கள் பக்கத்தில் வேண்டாம்’ என்று ஊரே எதிர்க்கும் இடங்கள் உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், கோயிலுக்குப் பக்கத்தில் வேண்டாம், சுடுகாட்டுப் பக்கம் கொடுங்கள் என்பார்கள். எதிர்ப்பவர்களில் உங்கள் கூடப் படிக்கும் மாணவரின் அப்பாவும் இருக்கலாம். அந்தப் பையனே போய் வீட்டில் பேசுவதற்கு ஈடாக எந்த வீதி நாடகமும் இல்லை.

படம் எடுத்துப் போட்டால்தானே பணம் வரும்?

வரும். கட்டடத்தை எடுங்கள், கணக்கை எடுங்கள், உங்கள் வியர்வையை எடுங்கள். ஒழுகும் குடிசைக்குள் கிழிந்த சட்டையோடு நிற்கும் குழந்தையை எடுக்காதீர்கள். அந்தக் குழந்தை நாளைக்கு உங்கள் கல்லூரியிலேயே வந்து சேரலாம். அப்போதும் அந்தப் படம் இணையத்தில் இருக்கும். குடும்பம் தானாக விரும்பி, வீடு முடிந்தபின் நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்று எடுத்தால் தாராளமாகப் போடுங்கள்.

சுவரில் கல்லூரிப் பெயர் போடலாமா?

உங்கள் வீட்டுச் சுவரில் வங்கி தன் பெயரைப் போட்டால் ஒப்புக்கொள்வீர்களா?

நாங்கள் சென்னையில் படிக்கிறோம். எங்கள் ஊரில் குடிசை இல்லை, அடுக்குமாடிதான்.

அப்படியானால் உங்கள் வேலை வேறு. நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டவர்கள் 2000 முதல் கண்ணகி நகரிலும் பிறகு பெரும்பாக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீடு கிடைத்தது, வீட்டோடு இருந்த பிழைப்பு போனது. மயிலாப்பூரில் காலையில் நான்கு வீடு பாத்திரம் தேய்த்துவிட்டு வந்தவர் இப்போது பஸ்ஸுக்கே இரண்டு மணி நேரம் கொடுக்கிறார். முகவரியைப் பார்த்து வேலை மறுக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. அங்கே செங்கல் தேவையில்லை. லிஃப்ட் ஓடாத எட்டாவது மாடியில் இருக்கும் பெரியவர்களின் மனுவை எழுதுவது, கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, வேலை தேடும் பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சி, பஸ் போதவில்லை என்பதை எண்ணிக் கணக்கெடுத்துக் கொடுப்பது போன்றவைதான் தேவை. அந்த அடுக்குமாடிகளைக் கட்டிய வாரியத்தின் பெயர் 2021இல் குடிசை மாற்று வாரியம் என்பதிலிருந்து நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. மனு எழுதும்போது புதுப் பெயரைப் போடுங்கள்.

கம்பெனிகளிடம் சி.எஸ்.ஆர்., அதாவது சமூகப் பொறுப்புக்கு ஒதுக்கும் பணம் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் உங்களுக்கு நேரே தர மாட்டார்கள். சி.எஸ்.ஆர்.-1 பதிவுள்ள அமைப்புக்குத்தான் தர முடியும், அவர்கள் முடிவெடுக்கவும் மாதக்கணக்கில் ஆகும். மழைக்கு முன் கூரை போட வேண்டிய வீட்டை அதை நம்பித் தொடங்காதீர்கள்.

செமஸ்டர் வந்துவிட்டால்?

வரும் என்று தெரிந்துதானே தொடங்குகிறீர்கள்? ஜனவரியில் ஆரம்பித்தால் ஏப்ரலுக்குள் கூரை என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு, அப்புறம் விடுமுறை, அப்புறம் மழை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது கூரையில்லாத சுவர் நிற்கக் கூடாது. பழைய குடிசையை ஏற்கெனவே பிரித்திருப்பார்கள், குடும்பம் தார்பாய்க்கு அடியில் இருக்கும். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் குறைந்தது பாதிப் பேராவது இருக்கும்படி குழுவை அமையுங்கள். எல்லாரும் இறுதியாண்டாக இருந்தால் ஜூனில் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்காது.

வீடு முடிந்துவிட்டது. இனி என்ன?

பால் காய்ச்சுவதற்குக் கூப்பிடுவார்கள், போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அடுத்த வாரம் திரும்பவும் போக வேண்டும். ஊராட்சியில் வீட்டு வரி போட்டு ரசீது வாங்க வேண்டும். அது இருந்தால் மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஒரு விளக்கும் ஒரு ஃபேனும் ஓடும் வீட்டுக்கு அநேகமாக பில்லே வராது. குடும்ப அட்டையில் முகவரி மாற்ற வேண்டும். கடைசித் தவணை வந்துவிட்டதா என்று வங்கிப் புத்தகத்தில் பதிவு போட்டுப் பார்க்க வேண்டும். வராமல் நின்றிருந்தால் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் வீட்டின் படத்தோடு போய்க் கேட்க வேண்டும். பட்டா, வேலை உத்தரவு, வரி ரசீது எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்த அம்மாவிடமும் இன்னொன்றை உங்கள் அடுத்த ஆண்டுக் குழுவிடமும் கொடுத்துவிடுங்கள்.